நிற்கத் தெரிந்ததே வென்றது

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தோணியிலிருந்து இருவர் கடலில் இறங்குகிறார்கள். ஒருவர் ஒரே மூச்சில் நெடுநேரம் நீருக்குள் இருந்து, கை நிறையச் சிப்பிகளோடு மேலே வருகிறார். ஆனால் நாலு முறை மூழ்கியதுமே களைத்துவிடுகிறார். மற்றவர் ஏறத்தாழ ஒரு நிமிடமே உள்ளே இருக்கிறார்; மேலே வந்து மூச்சு வாங்குகிறார்; மறுபடியும் இறங்குகிறார். காலை முதல் நண்பகல் வரை இப்படியே தளராமல் மூழ்குகிறார். கரை திரும்பியதும் யாருடைய குவியல் பெரிதாக இருக்கும்? இரண்டாமவருடையதுதான் அல்லவா?

முதலாமவர் காட்டியது வேகம். இரண்டாமவர் காட்டியது தாங்கும் ஆற்றல். இந்த இரண்டாவது ஆற்றலை எந்திரங்களிடம் சோதித்துப் பார்க்கும் போட்டிகளும் உண்டு. அவை தாங்குதிறன் பந்தயங்கள் எனப்படும். இன்ன தூரத்தை யார் முதலில் கடப்பது என்பது அங்கே கேள்வி அன்று. இவ்வளவு மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓடுவது என்பதே கேள்வி. அத்தகைய பந்தயங்களின் கதையையும், அவை கற்றுத் தந்த விஞ்ஞானத்தையும், நம் தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் வளர்ந்த வரலாற்றையும் இங்கே பார்ப்போம்.

பகலும் இரவும் ஓடும் பந்தயம்

பிரான்சு நாட்டில் லெ மான் என்றொரு நகரம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு மே மாதம் அங்கே இருபத்து நான்கு மணி நேரக் கார்ப் பந்தயம் முதன்முதலாக நடைபெற்றது. அதற்கெனத் தனிப் பாதை எதுவும் கட்டப்படவில்லை. ஊரையடுத்த பொதுச் சாலைகளையே பந்தயத்தின்போது அடைத்துவிட்டுச் சுற்றுப் பாதையாகப் பயன்படுத்தினார்கள். முதல் ஆண்டில் வென்ற கார் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடி 2,209 கி.மீ. தூரத்தைக் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 92 கி.மீ. மட்டுமே. இன்று நெடுஞ்சாலையில் ஒரு சாதாரணக் காரும் போகும் வேகம்தான் அது. ஆனால் அந்தக் காலத்துக் கார் ஒன்று ஒரு நாள் முழுவதும் அந்த வேகத்தில் பழுதாகாமல் ஓடியது பெரிய சாதனையே ஆகும்.

இரண்டாம் உலகப் போரால் நின்றுபோன இப்பந்தயம் 1949இல் மீண்டும் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் மற்றொரு நகரான ரீம்ஸிலும் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் ஒன்று 1953இல் தொடங்கப்பட்டது. ரீம்ஸ் பாதையும் வயல்களுக்கு இடையே முக்கோணமாக அமைந்த பொதுச் சாலைதான்.

இந்தப் பந்தயங்களில் ஓட்டுநர் மட்டும் வெல்ல முடியாது. முத்துக்குளிப்பவருக்குத் தோணியில் கயிறு பிடிக்கும் துணையாள் எப்படியோ, அப்படியே காருக்கும் ஒரு குழு உண்டு. 'பிட்' எனப்படும் கொட்டிலில் அந்தக் குழு காத்திருக்கும். கார் வந்து நின்றதும் பெட்ரோல் நிரப்புவார்கள், சக்கரம் மாற்றுவார்கள், ஓட்டுநரும் மாறிக்கொள்வார். கயிறு பிடிப்பவர் கவனம் தவறினால் கீழே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. இங்கும் அப்படித்தான்.

மனித உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1952ஆம் ஆண்டு லெ மானில் பியேர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் தம் துணை ஓட்டுநரிடம் காரைக் கொடுக்காமல் ஏறத்தாழ இருபத்து மூன்று மணி நேரம் தாமே ஓட்டினார். வெற்றிக்கு ஒரு மணி நேரமே இருந்தது. அவரே முன்னணியில் இருந்தார். அப்போது காரின் எஞ்சின் உடைந்துவிட்டது! வெற்றி ஜெர்மானியரின் மெர்சிடிஸ் காருக்குப் போயிற்று. இன்றைய விதிகளின்படி ஓர் ஓட்டுநர் மொத்தத்தில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. லெவே என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அவரைச் சந்திப்போம்.

ஏழு லிட்டர் வெந்நீர்

லெ மான் பாதையில் ஏறத்தாழ 6 கி.மீ. நீளமுள்ள நேர்ச்சாலை ஒன்று இருந்தது. ஐம்பதுகளில் கார்கள் அதில் மணிக்கு 240 கி.மீ. வேகத்தை எட்டின. அதன் முடிவில் கூர்மையான திருப்பம். ஆகவே வேகத்தைச் சுமார் 50 கி.மீ. அளவுக்குக் குறைத்தாக வேண்டும். இங்கேதான் விஞ்ஞானம் குறுக்கிடுகிறது.

ஓடும் பொருளிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1,000 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 67 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 22 லட்சம் ஜூல். வேகம் 50 கி.மீ. ஆகக் குறையும்போது அந்த ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வெளியேறிவிட வேண்டும். ஆற்றலை அழிக்க முடியாது. வடிவத்தைத்தான் மாற்ற முடியும். அது எங்கே போகும்? காற்றின் தடை ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்ளும். பெரும்பகுதி பிரேக்கில் உராய்வினால் வெப்பமாக மாறும்.

அது எவ்வளவு வெப்பம் என்று தெரியவேண்டுமா? ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க ஏறத்தாழ 2,94,000 ஜூல் தேவை. அப்படியானால் 22 லட்சம் ஜூல் ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்! அடுப்பில் நெடுநேரம் செய்யவேண்டிய வேலையைப் பந்தயக் காரின் பிரேக் சில வினாடிகளில் செய்கிறது. அதுவும் ஒரு தடவை அன்று. இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ முந்நூறு சுற்றுகள். சுற்றுக்குப் பல திருப்பங்கள்.

அந்நாளில் பெரும்பாலான கார்களில் டிரம் பிரேக்கே இருந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புக் குடம் ஒன்று. அதனுள்ளே இரண்டு பிறைவடிவக் கட்டைகள். மிதியை அழுத்தினால் கட்டைகள் விரிந்து குடத்தின் உட்சுவரில் உராயும். குறை என்னவென்றால், பிறக்கும் வெப்பம் குடத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. வெப்பத்தால் குடம் விரிவடைந்து கட்டைகளை விட்டு விலகிப் போகிறது. உராயும் பட்டையும் சூட்டில் தன் பிடிப்பை இழக்கிறது. ஓட்டுநர் எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்க மறுக்கும். மலைப் பாதையில் இறங்கும் லாரி ஓட்டுநர்கள் பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரைக் குறைத்து எஞ்சினின் தடையாலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான்.

இதற்கு மாற்று டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுழலும். அதன் இருபுறமும் உள்ள பட்டைகள் இடுக்கிபோல் தட்டைப் பிடிக்கும். தட்டு வெளியே காற்றில் இருப்பதால் விரைவில் ஆறும். சூட்டில் தட்டு தடித்தாலும் பட்டைகளை நோக்கித்தான் தடிக்கும், விலகாது. சைக்கிளின் பின்சக்கர விளிம்பைக் கட்டைகள் இருபுறமும் பற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கருத்துத்தான் இது.

1952ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரீம்ஸில் நடந்த பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் காரை ஓட்டி ஸ்டிர்லிங் மாஸ் வென்றார். டிஸ்க் பிரேக் பெற்ற தொடக்ககாலப் பந்தய வெற்றிகளுள் ஒன்று அது. மறு ஆண்டு லெ மானிலும் ஜாகுவாரே வென்றது. ரோல்ட், ஹாமில்ட்டன் என்ற இருவர் ஓட்டிய அந்தக் கார் 4,088 கி.மீ. தூரத்தை மணிக்குச் சராசரி 170 கி.மீ. வேகத்தில் கடந்தது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 600 கி.மீ. மூன்று முறை போய்த் திரும்பிய பிறகும் அந்தக் காருக்கு ஓட இன்னும் 400 கி.மீ.க்கு மேல் மீதி இருந்திருக்கும். அத்தனையும் ஒரே நாளில்!

அந்தப் பந்தயத்தில் ஜாகுவாரைவிட நேர்ச்சாலையில் சற்று விரைவாகவே ஓடிய அமெரிக்கக் கார் ஒன்றும் இருந்தது. ஆனால் அதில் டிரம் பிரேக். திருப்பங்களுக்கு நெடுந்தொலைவு முன்பே அது வேகத்தைக் குறைக்கவேண்டி வந்தது. ஜாகுவாரோ திருப்பத்தை நெருங்கும் வரை முழு வேகத்தில் சென்றது. ஓடத் தெரிந்த கார் தோற்றது. நிற்கத் தெரிந்த கார் வென்றது.

ஜூன் 11, 1955

பல்லாண்டு இடைவெளிக்குப் பின் தூத்துக்குடிக் கடலில் 1955இல்தான் முத்துக்குளிப்பு மீண்டும் நடைபெற்றது. 1961 வரை நடந்து பிறகு நின்றுபோயிற்று. அதே 1955ஆம் ஆண்டு லெ மானில் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது.

அன்று மாலை ஆறரை மணி இருக்கும். பார்வையாளர்கள் சாலையின் ஓரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களுக்கும் கார்களுக்கும் நடுவே ஒரு மண்மேடு, அவ்வளவுதான். எதிர்ப்புறத்தில் பிட் கொட்டில்கள். கொட்டில்களுக்கும் ஓடும் பாதைக்கும் இடையே சுவர் கிடையாது. ஜாகுவாரை ஓட்டிவந்த ஹாத்தார்ன், கொட்டிலுக்குத் திரும்பப் பிரேக்கை அழுத்தினார். அவருடையது டிஸ்க் பிரேக். சட்டென வேகம் குறைந்தது. பின்னால் வந்த மாக்லின் மோதலைத் தவிர்க்க இடப்புறம் ஒதுங்கினார். அவருக்கும் பின்னால் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் லெவே. முன்பு இருபத்து மூன்று மணி நேரம் ஓட்டினாரே, அவரேதான்.

240 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 67 மீட்டர். ஆபத்தைக் கண்ணால் கண்டு, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் பாதி கால்பந்து மைதானம் கடந்துவிடும். லெவேயால் எதுவும் செய்ய இயலவில்லை. அவருடைய கார் முன்காரின் சாய்ந்த பின்புறத்தில் ஏறி, மேலே எழும்பி, மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் உயிரிழந்தனர்.

காரின் கூடு எடை குறைவதற்காக மக்னீசியக் கலவையால் செய்யப்பட்டிருந்தது. மக்னீசிய நாடா கண்ணைக் கூசும் ஒளியுடன் எரிவதை வேதியியல் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். எரியும் மக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளிவிடும். ஹைட்ரஜனும் எரியும். அன்று தண்ணீர் பாய்ச்சியவர்கள் தீயை வளர்க்கவே செய்தார்கள்.

இந்தத் துயரத்துக்குப் பிறகு பல நாடுகள் கார்ப் பந்தயங்களை நிறுத்தி வைத்தன. சுவிட்சர்லாந்து பல பத்தாண்டுகளுக்குச் சுற்றுப் பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. லெ மானில் கொட்டில்கள் இடித்துக் கட்டப்பட்டன, பாதை அகலமாக்கப்பட்டது, பார்வையாளர்கள் தள்ளி அமர்த்தப்பட்டனர்.

ஆயினும் ஒரு பழக்கம் மாறவில்லை. பந்தயம் தொடங்கும்போது ஓட்டுநர்கள் சாலையின் ஒரு பக்கம் நிற்பார்கள்; கார்கள் மறுபக்கம் நிற்கும். கொடி அசைந்ததும் ஓடிப்போய்க் காரில் ஏறி ஓட்டவேண்டும். அவசரத்தில் இருக்கை வாரைக் கட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜிய இளைஞர் இதை எதிர்த்தார். எல்லாரும் ஓட, அவர் மட்டும் நிதானமாக நடந்து சென்று, வாரை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் புறப்பட்டார். அதே பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்தார். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வென்றவர் யார் தெரியுமா? கடைசியாகப் புறப்பட்ட இக்ஸ்தான்! ஏறத்தாழ நூறு மீட்டர் வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டு முதல் ஓடிப்போய் ஏறும் வழக்கம் ஒழிந்தது.

சோழவரத்து ஓடுதளம்

பொதுச் சாலையில் ஓடினால் ஆபத்து. தனிப் பாதை கட்டவோ பெரும் பணம் வேண்டும். வேறு வழி உண்டா? போர் முடிந்த உலகில் ஒரு வழி கிடைத்தது. போருக்காகக் கட்டிய விமான ஓடுதளங்கள் பல ஊர்களில் வெறுமனே கிடந்தன. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன், அமெரிக்காவில் செப்ரிங், இலங்கையில் கட்டுக்குருந்தை, கல்கத்தாவை அடுத்த பாரக்பூர் ஆகிய இடங்களில் ஓடுதளங்களே பந்தயப் பாதைகள் ஆயின. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை, சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தைத் தாண்டியுள்ள சோழவரத்துக்குக் கிடைத்தது.

மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. அக்கழகத்தார் நடத்திய சோழவரம் பந்தயங்களைக் காண எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மக்கள் பெருந்திரளாகக் கூடினர்.

ஓடுதளத்தில் என்ன வசதி? அகலம் அதிகம், மரமோ வீடோ அருகில் இல்லை, நெடுந்தொலைவு வரை பார்வை மறையாது. என்ன குறை? விமானத்துக்கு நேர்ப்பாதைதான் வேண்டும், வளைவு வேண்டாம். ஆகவே ஓடுதளத்தில் அமையும் பந்தயச் சுற்றில் நீண்ட நேர்ப்பாதைகளும் கூரிய திருப்பங்களுமே இருக்கும்.

திருப்பத்தில் காரை வெளியே சரியவிடாமல் பிடித்திருப்பது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுதான். காய்ந்த நல்ல தரையில் 20 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தைக் கார் ஏறத்தாழ 45 கி.மீ. வேகத்தில்தான் கடக்க முடியும். அதே தரையில் 90 கி.மீ. வேகத்தில் திரும்ப எவ்வளவு ஆரம் வேண்டும்? 40 மீட்டர் என்று சொன்னால் தவறு. வேகம் இரு மடங்கானால் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். அதாவது 80 மீட்டர். இங்கும் வேகத்தின் வர்க்கமே ஆட்சி செய்கிறது.

அந்நாளில் வெளிநாட்டுக் கார்களை எளிதில் இறக்குமதி செய்ய முடியாது. அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவைதாம் சாலைகளில் ஓடின. ஆகவே கையில் கிடைத்ததை வைத்தே பந்தயக் கார் செய்தார்கள். பின் இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைப்பார்கள். சிலிண்டர் மூடியின் அடிப்பகுதியைச் சற்றே சீவுவார்கள். அதனால் பெட்ரோல் கலவை மேலும் இறுக்கமாக அழுத்தப்பட்டு, அதே அளவு பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். இளைஞர் பலர் அதிக செலவின்றிப் பந்தயம் பழக அவை உதவின. 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது.

1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கி.மீ. நீளப் பாதை திறக்கப்பட்டது. மாருதி எஞ்சின் கார்களில் அங்கே பழகிய கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். மதராஸ் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக், 2012இல் லெ மான் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். வேறு இருவரோடு மாறி மாறி ஓட்டி ஆறாம் இடம் பெற்றார். சோழவரத்தில் போட்ட விதை லெ மானில் முளைத்தது எனலாம்.

நம் சாலையும் நாமும்

பந்தயம் பொதுச் சாலையில் பிறந்தது. பல உயிர்களைப் பலிகொடுத்த பின்னர் தனக்கென ஓரிடம் தேடிக்கொண்டது. இன்று பந்தயப் பாதையில் அகலமான ஓரங்கள், தடுப்புச் சுவர்கள், தீயணைப்பாளர், மருத்துவர் எல்லாம் உண்டு. எதிரே வண்டி வராது. குறுக்கே ஆடு ஓடாது.

நம் சாலை அப்படியா? தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பெட்டகங்களை ஏற்றிய லாரிகள் புறப்படுகின்றன. உப்பளத்து லாரிகள் குறுக்குப் பாதைகளிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுகின்றன. கடற்காற்று மணலைத் தாரின் மேல் பரப்பிவிடுகிறது. அதே சாலையில் சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடுகிறார்கள். அவர்களுக்காக இதோ ஒரு கணக்கு.

ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். பிறகு நல்ல பிரேக்கும் காய்ந்த தரையும் இருந்தால் 9 மீட்டரில் நிற்கும். ஆக மொத்தம் 20 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில்? முதல் வினாடியில் 22 மீட்டர். பிரேக் பிடித்தபின் 35 மீட்டர். மொத்தம் 57 மீட்டர். தரையில் மணல் இருந்து பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 35 மீட்டர் 70 ஆகிவிடும். மொத்தம் 92 மீட்டர்! 20 மீட்டருக்கு அப்பால் குறுக்கே வந்த சிறுவன் முதல் கணக்கில் பிழைப்பான். மற்ற இரண்டிலும் பிழைக்க மாட்டான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளி மைதானத்தில், ஆசிரியர் முன்னிலையில், சைக்கிளை மெதுவாக ஓட்டி வந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடியுங்கள். நின்ற இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வந்து அதே கோட்டில் பிரேக் பிடியுங்கள். இரண்டாவது தூரம் முதலாவதைப்போல் எத்தனை மடங்கு? இரண்டா, நான்கா? அதையே மணல் தூவிய இடத்தில் மெதுவான வேகத்தில் மட்டும் செய்து ஒப்பிடுங்கள். கிடைக்கும் எண்களை வகுப்பில் நண்பர்களுக்குக் காட்டுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அண்ணன் இருந்தால் அவருக்கும் தவறாமல் காட்டுங்கள்.